பஸ் ஸ்டாப்புக்கு ஆவண செய்யவும்

1

என் பேச்சைக் கேட்டு இதுவரை யாரும் எதையும் செய்ததில்லை. வீட்டில் சன்னலைச் சாத்தச் சொன்னால், அடுத்த சன்னலையும் சேர்த்துத் திறந்து வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் பாடங்களைப் பெற்றோர் பிரித்துக்கொண்டபோது, 'பிறரை இணங்க வைக்கும் எழுத்து' என்ற பகுதி என் தலையில் விழுந்தது. எனக்கு இது வராது என்று கால் மணி நேரம் வாதாடிப் பார்த்தேன். ஒருவரையும் இணங்க வைக்க முடியவில்லை. என் வாதம் அந்த அளவில் உண்மைதான் என்று நிரூபணமானது, பாடம் மட்டும் என்னிடமே இருந்துவிட்டது.

நெதர்லாந்தின் தெற்கே ஒரு சிற்றூர். பெயரைச் சரியாக உச்சரித்தால் பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் எடுத்து வந்து தருவார், அப்படியொரு பெயர். இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. வகுப்பு நடப்பது நூலகத்தின் பின்னறையில். எங்களுக்கு முன்னால் அங்கே கம்பளி பின்னும் பெண்கள் கூடுகிறார்கள். நாங்கள் உள்ளே போகும்போது மேசையில் பிஸ்கட் தூளும் நூல் துண்டுகளும் இருக்கும். எட்டுப் பிள்ளைகள், பதின்மூன்று பதினான்கு வயது. அதில் ஒருத்தி என் மகள் யாழினி. வகுப்பில் என்னை 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்பது விதி. அவள் எந்தப் பெயராலும் என்னைக் கூப்பிடாமல் இருப்பதன் மூலம் விதியை மீறாமல் இருக்கிறாள்.

முதல் நாளே சிக்கல். "இணங்க வைக்கிறதுன்னா என்ன?" என்று நிவேதா கேட்டாள். விளக்கினேன். புரியவில்லை. "வீட்ல பேசற தமிழ்ல சொல்லுங்க சார்."

எனக்குத் தெரிந்த வீட்டுத் தமிழ் குமணன்சாவடி முக்கில் கற்றது. அங்கே ஒருவரைச் சம்மதிக்க வைப்பதற்கு இருக்கிற சொற்கள்: கரெக்ட் பண்றது, ஐஸ் வைக்கிறது, சோப்பு போடறது, காக்கா புடிக்கிறது. யோசித்துப் பார்த்தால், பிறர் மனதை மாற்றுவது ஏதோ திருட்டு வேலை என்பதுபோலவே நம் ஊர்ப் பேச்சு அதை வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு சொல்லிவிட்டேன். நிவேதா நோட்டில் அழகாக எழுதிக்கொண்டாள்: 'பாடம் 1. சோப்பு போடுதல்.' அருகே ஒரு சோப்புக் கட்டியும் வரைந்திருந்தாள்.

உண்மையில் எனக்கு இந்தக் கலையில் ஒரு குரு உண்டு என்றால், அது குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் ஏற்றிய ஒருவர்தான். "பூந்தமல்லி பூந்தமல்லி பூந்தமல்லி" என்று தொடங்குவார். சொல்ல வந்தது முதல் சொல்லிலேயே முடிந்தது. "குந்திகினே போலாம் சார்" என்பது ஆதாரம். உள்ளே ஒன்பது பேர் ஏற்கெனவே ஒருவர் மடியில் ஒருவர் இருப்பார்கள். "பின்னாடி பஸ்ஸு வருதே" என்று நீங்கள் தயங்கினால், "அது டிப்போக்கு போற பஸ்ஸு நைனா" என்று மறுப்புக்கு மறுப்பு. நான்கு வருடம் கல்லூரிக்குப் போகையில் தினமும் அவரை நம்பி ஏறியிருக்கிறேன். ஒருநாளும் குந்தியதில்லை.

2

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே ஒரு மரம். நகராட்சியின் மரம். காற்றடித்தால் அதன் கிளை கண்ணாடியில் உரசிக் கிறீச்சிடும். "நகராட்சிக்கு எழுது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்கென்ன, மனு எழுதுவது நம் ரத்தத்தில் ஊறியது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரவல் டச்சு மொழியில் ஒரு பக்கம் எழுதினேன். நகரின் புகழ், அதன் மரங்களின் அழகு, அவற்றுக்கு நான் எதிரி அல்லன் என்ற உறுதிமொழி, கடைசியில் கிளை.

டச்சு மொழியில் வேண்டுகோளுக்கு 'ஃபெர்ஸூக்'. வருகைக்கு 'பெஸூக்'. 'தங்கள் முன் ஒரு வேண்டுகோளைத் தாழ்மையுடன் வைக்கிறேன்' என்று எழுத நினைத்து, 'தங்கள் முன் ஒரு வருகையைத் தாழ்மையுடன் வைக்கிறேன்' என்று எழுதிவிட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் வருகைக்கு நன்றி, ஆனால் மரம் அங்கே இருப்பதால் நாங்களே வருவது எளிது, செவ்வாய்க்கிழமை பத்து மணி பத்து நிமிடத்துக்கு வரலாமா?

பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சுதா, என் மனைவி, வீட்டில் வேறு எதுவும் இல்லாததால் ரவா உப்புமா கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறையில் கைகட்டி நின்று கிளை உரசுவதை ஒரு நிமிடம் கேட்டார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார். நான்காம் நாள் கிளை இல்லை.

இந்தக் கதையைப் பதினாறு வருடமாக எல்லா விருந்திலும் சொல்லிவருகிறேன். யாழினிக்கு மனப்பாடம். நான் 'பத்து மணி' என்றதும் அவள் தட்டைப் பார்த்தபடி 'பத்து நிமிடம்' என்று முடித்துவைப்பாள். எனக்கு அது என் மொழிப் பிழையைப் பற்றிய நகைச்சுவை. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

3

இந்த வருடமும், நாங்கள் இங்கே வந்து இறங்கிய அதே தேதியில், வழக்கம்போல விஜயா அக்காவின் குரல்செய்தி வந்திருந்தது. அக்கா காட்டுப்பாக்கத்தில் இருக்கிறாள். அவள் காலை எட்டரைக்குப் பேசி அனுப்புவது நான் விழிப்பதற்கு முன்பே வந்து காத்திருக்கும். பல் தேய்த்துக்கொண்டே கேட்பேன்.

"டேய் பாபு, பதினாறு வருசமாச்சி, இன்னும் அங்கயே குந்தினு கீற. நல்லா இரு. அது கெடக்கட்டும். எங்க தெருமுனை ஸ்டாப்ப தூக்குனாங்களே, இன்னும் வெக்கல. ரயிலுக்கு தூணு நடறோம், தற்காலிகம்தாம்மான்னாங்க. தூணு நட்டு, அது மேல காக்கா கூடு கட்டி, குஞ்சும் பொரிச்சிடுச்சி. ஸ்டாப்பு வரல. ரோட்ட ரெண்டு தபா தாண்டி, அம்மாந்தூரம் நடந்துதான் பஸ் புடிக்கிறேன். முட்டி ஒத்துக்கலடா. அடுத்த மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு கீறேன்."

கடைசி வாக்கியத்தில் பல் தேய்ப்பதை நிறுத்தினேன்.

அக்கா பூந்தமல்லியில் ஒரு பல் மருத்துவமனையில் முகப்பு மேசையில் உட்காருகிறாள். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாகச் சேர்ந்த வேலை. பெயர் பொறித்த அட்டையைச் சேலையில் குத்திக்கொண்டு அவள் எடுத்துக்கொண்ட படம்தான் இன்றும் அவள் வாட்ஸப் முகம். வாசல்வரை வந்து பயந்து திரும்புகிறவர்களை உள்ளே வரவைப்பது அவளுடைய வேலையில் எழுதப்படாத பகுதி. "புடுங்கவே வேணாம் நைனா. சும்மா வந்து ஃபேனுக்குக் கீழ குந்து" என்பாள். உட்கார்ந்தவர் பல்லோடு திரும்பியதாகத் தகவல் இல்லை.

அந்த வேலையை ஒரு பஸ் ஸ்டாப் இல்லாததால் விடுவதா? திரும்பக் கூப்பிட்டேன்.

"மனு குடுத்தியா?"

"நீதான் ஃபாரின்ல பசங்களுக்கு எழுதச் சொல்லித்தர வாத்தியாராமே. எழுதிக் குடு."

எழுதினேன். இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டேன். மூன்று பக்கம். 'போக்குவரத்தே ஒரு நாகரிகத்தின் நாடி' என்று தொடக்கம். உலக நாடுகளில் பாதசாரியின் நிலை. 'நிறுத்தங்கள் கூடினால் பயண நேரம் கூடுமே என்ற ஐயம் எழலாம்' என்று எதிர்வாதத்தை நானே எழுப்பி நானே அடக்கியிருந்தேன். வகுப்பில் நான் சொல்லித்தந்த எல்லாமே அதில் இருந்தது. அக்கா அதை அச்செடுத்து, ஆதார் நகலும், என்னைக் கேட்காமலே தன் முட்டி எக்ஸ்ரேயும் சேர்த்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்தாள்.

பத்து நாளில் திரும்பி வந்தது. அக்கா படமெடுத்து அனுப்பினாள். 'உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை.'

"இன்னா ஆவணம்டா? பஸ் ஸ்டாப்புக்குப் பட்டா கேக்கறாங்களா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி. 'ஆகவே தாங்கள் இதன்மீது ஆவன செய்யுமாறு' என்று இருக்க வேண்டியது, 'ஆவண செய்யுமாறு' என்று இருந்தது. தேவையானதைச் செய்யுங்கள் என்பது ஆவன, இரண்டு சுழி. பத்திரம் என்பது ஆவணம், மூன்று சுழி. போனில் தட்டச்சு செய்தபோது ஒரு சுழி கூடிவிட்டது. அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'எங்கே?'

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் இதே தவறுக்காக நிவேதாவுக்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தேன்.

4

மனுவை வகுப்புக்கு எடுத்துப் போனேன். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு, எட்டுப் பேருக்கும் பிரதி கொடுத்தேன். "இதில் குறை என்ன என்று கண்டுபிடியுங்கள்" என்றேன். சுழிப் பிழையைப் பிடிப்பார்கள், நானும் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வேன் என்று ஒரு திட்டம்.

யாருக்கும் சுழி கண்ணில் படவில்லை. யாழினி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதுல பஸ் எப்ப வருது?" என்றாள்.

"மூணாவது பக்கத்துல."

"அதுவரைக்கும் அவர் எதுக்குப் படிக்கணும்?"

"அது முன்னுரை."

"ரெண்டு பக்கமா?"

நிவேதா மெதுவாகச் சொன்னாள்: "இது முழுக்க சோப்பு சார்."

மனு என்றால் வேண்டியதை உடனே கேட்டுவிடக்கூடாது, அது மரியாதை இல்லை என்று விளக்கினேன். இவர்கள் படிக்கும் பள்ளியில் முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று எழுதச் சொல்கிறார்கள். யாழினி சென்ற வருடம் தலைமையாசிரியைக்கு எழுதிய கடிதம் 'சைக்கிள் கொட்டகைக்குக் கூரை வேண்டும்' என்று தொடங்கியது. 'மதிப்புக்குரிய' இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. அதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. கூரை வந்துவிட்டது என்பதை இங்கே சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன்.

"சரி, ஆளுக்கொன்று எழுதுங்கள். காட்டுப்பாக்கத்தில் ஒரு அம்மாவுக்குப் பஸ் ஸ்டாப் திரும்ப வேண்டும். மாசக் கடைசிக்குள்" என்றேன்.

யாழினி நிமிர்ந்தாள். "விஜயா அத்தையா?"

மறைத்த பெயர் அதோடு போயிற்று. அவள் அரை மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள். அவள் தமிழ் எழுதும்போது, டச்சில் யோசித்துத் தமிழில் இறக்கிவைப்பது கண்ணுக்கே தெரியும், சாமான் இறக்குகிற மாதிரி. எழுதியது இது, பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறேன்:

'வணக்கம். எங்கள் அத்தைக்குத் தெருமுனையில் பஸ் ஸ்டாப் திரும்ப வேண்டும். இப்போது அவர் பெரிய ரோட்டை இரண்டு தடவை கடக்கிறார். அவருக்கு முட்டி வலி. நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு நாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வாருங்கள். அத்தையோடு நடந்து பாருங்கள். பிறகு டீ உண்டு. டீ நன்றாக இருக்கும் (சர்க்கரை கொஞ்சம் அதிகம்). எந்த நாள் வருவீர்கள்?'

"அரசாங்கத்தை டீ குடிக்கக் கூப்பிட முடியாதும்மா" என்றேன்.

"நீங்க கூப்பிட்டீங்களே. மரத்துக்கு."

"அது ஸ்பெல்லிங் மிஸ்டேக்."

"தெரியும்" என்றாள். "ஆனா கிளைய வெட்டினாங்கல்ல?"

பிறந்ததிலிருந்து என் கதையைக் கேட்டவள், அதை உண்மையிலேயே கவனித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நகைச்சுவை சொல்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. 'ஐயா' ஒன்றாவது போடு, 'தாழ்மையுடன்' ஒன்றாவது போடு என்று கெஞ்சினேன். "சம்மதிக்க வேண்டியது அவர், நீங்க இல்ல" என்றாள். அதற்குமேல் நான் என்ன பாடம் நடத்த?

5

அன்று மதியமே அத்தையும் மருமகளும் வீடியோவில் பேரம் பேசினார்கள். நான் ஓரமாக இருந்தேன்.

"எழுதினது நல்லாகீது கண்ணு. என் கையாலயே எழுதிக் குடுக்கறேன். ஆனா ஐயா போடாம குடுக்க மாட்டேன். வூட்டுக்கு கூப்புடறோம், ஐயா இல்லாம இன்னா கூப்புடறது?"

"ஒண்ணு போடுங்க அத்தை."

"மூணு."

"ரெண்டு."

"சரி ரெண்டு. அப்பறம் அந்த சக்கர ஜாஸ்திய எடுத்துடறேன். என் டீயில இன்னா ஜாஸ்தி?"

"அத்தை, அது இருக்கணும். அப்பதான் மத்ததெல்லாம் உண்மைன்னு நம்புவாங்க."

அக்கா என் பக்கம் திரும்பி, "டேய் பாபு, இத நீயா சொல்லிக் குடுத்த?" என்றாள். இல்லை என்று நேர்மையாகச் சொன்னேன். "அதான் பாத்தேன்" என்றாள்.

சர்க்கரை வரி போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டு, 'சர்க்கரை அதிகம் என்று என் மருமகள் சொல்கிறாள், ஐயா' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டாவது ஐயாவை அங்கே செலவழித்துவிட்டாள்.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டதாக அக்கா செய்தி அனுப்பினாள். அவர் ஸ்டூலை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். "அந்த அட்டைய திருப்பிக் குடுக்கணுமாடா? பேரு போட்டது, வேற யாருக்கு ஆவும்?" என்று கேட்டிருந்தாள். யாழினிக்கு அதைப் போட்டுக்காட்டவில்லை. அவள் தானாகவே கேட்டுவிட்டாள். அத்தையோடு பேச அவளும் என் போனையே எடுப்பதில் இதுதான் தொல்லை. அந்த நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, ஏதோ அந்த அலுவலகமே என் பெயரில் இருப்பதுபோல.

மறுநாள் பல் தேய்க்கும் நேரத்தில் செய்தி இருந்தது. ஏழு நிமிடம். அக்கா அவ்வளவு நீளம் பேசினால் கல்யாணம் அல்லது சண்டை.

"வந்தாருடா. கரெக்டா எட்டு பத்துக்கு. ஹெல்மெட்ட கயட்டிகினே, நீங்கதான் டீ அம்மாவான்னு கேக்கறாரு. வட்டம் போட்டது யாருன்னு நெனச்ச? அவருதான். நானே கேட்டுட்டேன். இன்னா சார், ஆவணம் எங்கன்னு கேட்டு அனுப்பிட்டீங்களேன்னு. எயுத்துப் பியைன்னு எனக்கும் தெரியும்மா, மூணு பக்கம் படிச்ச கோவம்னாரு. என் தம்பி எயுதினதுன்னேன், அந்தத் தம்பி நல்லா இருக்காரான்னு வேற விசாரிச்சாரு."

இங்கே நான் செய்தியை நிறுத்திவிட்டு வாய் கொப்பளித்தேன்.

"நடந்தோம். மொத ரோடு தாண்டறதுக்குள்ள தண்ணி லாரி ஒண்ணு வந்து மூஞ்சிகிட்ட ஆரன் அடிச்சான். நடுவுல கம்பிகிட்ட மாட்டிக்கினோம். பாபு, என் கைய அவருதான் புடிச்சாரு. நான் புடிக்கல. இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து மனு குடுக்க எல்லாரும் ஆபீசுக்கு வராங்கம்மா, என்னிய வான்னு கூப்புட்ட ஆளு நீங்கதான்னாரு, கம்பிய புடிச்சிகினே. அந்தாண்ட போய் திரும்பி இந்தாண்ட வரதுக்குள்ள ரெண்டு பஸ்ஸு போய்டுச்சி. அப்பறம் டீ குடிச்சாரு. ஒரு வாய் வெச்சிட்டு டம்ளர பாத்தாரு. ஆமாம்மா, சக்கர ஜாஸ்திதான்னாரு."

அதை யாழினிக்கு மூன்று முறை போட்டுக்காட்ட வேண்டியிருந்தது. 'எயுத்துப் பியை' புரியவில்லை. எழுத்துப் பிழை என்றேன். "அத்தை அதையே தப்பாச் சொல்றாங்க" என்றாள். அது தப்பு இல்லை, அது காட்டுப்பாக்கம் என்றேன்.

டாக்டரிடம் இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த ஒரு மாதம் முடிவதற்குள் ஒரு படம் வந்தது. தெருமுனை, புதுக் கம்பம், நீலப் பலகை. அதன் கீழே அக்கா, சேலையில் பெயர் அட்டையோடு, கையில் டிபன் பையோடு.

படத்தைப் பெரிதாக்கினேன். என்னால் பெரிதாக்காமல் இருக்க முடியாது. பலகையில் 'பேருந்து நிருத்தம்' என்று எழுதியிருந்தது. வல்லின ற வர வேண்டிய இடத்தில் இடையின ர. நிறுத்தம் என்றால் நிற்கும் இடம். நிருத்தம் என்றால் நடனம்.

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, பலகையில ஒரு எழுத்து தப்பு. நான் வேணா ஒரு சின்ன மனு..."

"கம்முனு கெட" என்றாள். "திரும்ப மூணு பக்கம் எழுதி, அவரு கோவத்துல புடுங்கினு போயிடப் போறாரு. பஸ்ஸு அத படிச்சிட்டா நிக்குது?"

யாழினியிடம் பலகையைக் காட்டினேன். நான்கு முறை படித்துவிட்டு "சரியாத்தானே இருக்கு" என்றாள். எங்கே தப்பு என்று காட்டி, அர்த்தமும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழில் ஒரு எழுத்துக்காக அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. உடனே என் போனைப் பிடுங்கி அத்தைக்குப் பேசி அனுப்பினாள்: "அத்தை, உங்க தெருமுனையில இருக்கறது பஸ் ஸ்டாப் இல்ல. பஸ் டான்ஸ்."

மறுநாள் விழித்தபோது பதில் வந்திருந்தது. ஐந்து விநாடி. பின்னால் ஆரன் சத்தம், யாரோ "பூந்தமல்லி பூந்தமல்லி" என்று கத்துகிறார்கள்.

"இந்த முட்டிய வெச்சிகினு டான்ஸு வேறயா? இரு கண்ணு, வெச்சிடறேன், பஸ்ஸு நிக்குது."